ஏழையின் நோயும் மருந்தின் விலையும்

நோயுற்றவன் வைத்தியனைத் தேடுவது உலக இயல்பு. தேடிப்போன வைத்தியனுக்குக் கொடுக்கவும், அவன் எழுதித்தரும் மருந்தை வாங்கவும் கையிற் காசில்லாதவன் என்ன செய்தான் என்பதைச் சரித்திர நூல்கள் அதிகம் சொல்வதில்லை. கோட்டைகளையும் தேசாதிபதிகளையும் பற்றிப் பாடசாலையில் நாம் பக்கம் பக்கமாக மனனஞ் செய்தோம், ஆண்டுகளை ஒப்புவித்தோம், பரிசும் பெற்றோம். ஆயினும் எமது பாட்டனாரின் தகப்பனார் காய்ச்சலில் வீழ்ந்த பொழுது அவருக்கு மருந்து வாங்கியவர் யார், எந்தக் காசில் வாங்கினார் என்று எந்த வினாத்தாளும் எம்மைக் கேட்டதில்லை.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு தகரப்பெட்டி. 2022ஆம் ஆண்டு நாம் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தோம். எமது அம்மம்மாவுக்கு நெடுங்காலமாக இரத்த அழுத்தம். மாதந்தோறும் ஆஸ்பத்திரிக் 'கிளினிக்'குக்குப் போய் இலவசமாக மருந்து எடுத்து வருவார். அவ்வாண்டில் ஒருநாள், மருந்து கையிருப்பில் இல்லை, வெளியில் வாங்கவும் என்று ஒரு துண்டுடன் திரும்பி வந்தார். வெளியில் வாங்கினோம். அடுத்த மாதமும் வாங்கினோம், விலை ஏறியிருந்தது. அதன் பின் அவர் எங்களிடம் மருந்து கேட்கவில்லை. நல்ல பிள்ளைகளாக நாமும், மருந்து இருக்கிறதாக்கும் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் நூலும் ஊசியும் தேடி அவருடைய பிஸ்கற் பெட்டியைத் திறந்தபோது, குளிகைகள் யாவும் பிளேட்டினால் இரண்டாக வெட்டப்பட்டிருக்கக் கண்டோம். "பாதியெண்டாலும் மருந்து மருந்துதானே மோனை" என்றார். அந்தப் பாதிக் குளிகைக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பதைப் பல்கலைக்கழக நூல்நிலையத்திலேதான் பின்னர் அறிந்தோம்.

அச்சரித்திரத்தை எமது ஊரிலிருந்தே தொடங்கலாம். மேல்நாட்டு வைத்தியம் வருமுன் இங்கே நாட்டு வைத்தியப் பரியாரிமார் இருந்தனர். அவர்களுக்குக் கட்டணப்பட்டியல் இருந்ததில்லை. இயன்றவன் இயன்றதைக் கொடுத்தான். இயலாதவன் நெல்லோ வாழைக்குலையோ கொண்டுபோனான். அக்காலத்தைப் பொற்காலமென்று புகழ எமக்கு மனமில்லை. மருந்து மலிவாயிருந்தது மெய்தான். ஆனால் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் அம்மலிவான மருந்து போதவில்லை என்பதும் மெய்யே.

1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியை ஆரம்பித்தார். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு இஃது ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவிற் கேட்டுக் கேட்டுப் பழகிய பெயர். மதம் பரப்பவே வந்தார் என்பது பெரியோர் பலருடைய குறை. அவ்வழக்கை இங்கே எடுக்க வேண்டியதில்லை. எமது பொருளுக்கு வேண்டியது வேறொன்று. அவர் தம் மாணவர்க்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம் முதலிய நூல்களைத் தமிழிற் கொணர்ந்தார். ஆங்கிலத்திற் படித்த வைத்தியன் பெரிய சம்பளத்தை நாடி அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுவான், தமிழிற் படித்தவனே கிராமத்தில் இருந்து தன் சனங்களுக்கு வைத்தியம் பார்ப்பான் என்பது அதற்கு அவர் கண்ட நியாயங்களுள் ஒன்று. ஏழைக்கு வைத்தியம் எட்டாமற் போவது பணத்தினால் மட்டுமன்று, மொழியினாலும் தூரத்தினாலும் என்பதை அந்த அந்நியர் கண்டுகொண்டார். அவர் 1873இல் ஊர் திரும்புவதற்குள் அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் வைத்தியங் கற்று வெளியேறினர்.

யாழ்ப்பாணப் பட்டினத்தின் பெரிய ஆஸ்பத்திரியும் அக்காலத்தில் எழுந்ததே. 1850ஆம் ஆண்டு, வடமாகாண அரசாங்க ஏசண்டராயிருந்த பேர்சிவல் டைக் துரையின் முயற்சியால், 'ஆபத்துக்கு உதவும் நண்பர்' என்று பொருள்படும் பெயர்கொண்ட ஒரு சங்கத்தினர் அதனை நிறுவினர். ஊரார் கொடுத்த நன்கொடையினால் நடந்த அந்த ஆஸ்பத்திரி 1907இல் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. அதற்கு முந்திய 57 ஆண்டுகளும் அங்கே ஏழை பெற்ற மருந்து தருமமாகக் கிடைத்த மருந்து. தருமம் நல்லதே. ஆயினும் தருமத்தைப் பெறுவோன் கை கீழேதான் இருக்கும். கொடுப்போர் மனம் குன்றினாற் கேட்கவும் வழியில்லை.

காசில்லாதவன் நோயுற்றால் என்ன ஆகும் என்பதை முழு நாடும் கண்ணாற் கண்டது 1934, 1935ஆம் ஆண்டுகளிலே. 1934இல் மழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. கேகாலை, குருநாகல் பகுதிகளில் அக்குட்டைகளிலே மலேரியா நுளம்பு பெருகிற்று. ஆண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோய் 1935 முடியுமுன் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கொயினா மருந்தை அரசாங்கம் இலவசமாகவே கொடுத்தது. அப்படியாயின் ஏன் இத்தனை பேர் மாண்டனர்? அவ்வாண்டுகள் உலகெங்கும் வியாபாரம் மந்தப்பட்ட ஆண்டுகள். இறப்பரும் தேங்காயும் விலைபோகவில்லை. கூலிக்காரர் வீட்டிற் சோறில்லை. வெறும் வயிற்றிற் கொயினா எப்படி வேலை செய்யும்? இதனை உணர்ந்த இளைஞர் சிலர், சூரியமல் இயக்கத்தினர், கிராமங்களுக்கு மருந்தோடு உணவையும் சுமந்து சென்றனர். அவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா பருப்புக் கொடுத்தமையால் 'பருப்பு மாத்தையா' என்று ஊராரால் அழைக்கப்பட்டார். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அவ்வணியிலே இருந்தவர். இவ்விருவர் பெயரையும் வாசகர் நினைவில் வைத்திருக்க. 36 ஆண்டுகளுக்குப் பின் இருவரும் மீண்டும் வருவர்.

1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்திருந்தது. மாண்டவர்களின் உறவினர் வாக்காளர்கள். ஆதலின் இம்முறை கொள்ளைநோயை மறந்துவிட அரசியல்வாதிகளால் இயலவில்லை. கிராமந்தோறும் மருந்துச்சாலைகளும் ஆஸ்பத்திரிகளும் எழுந்தன. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. கல்வி இலவசமானதை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதற்குச் சிலை வைத்திருக்கிறோம். வைத்தியம் இலவசமானதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பிணி நீங்கியவன் ஆஸ்பத்திரியை நினைப்பதில்லையல்லவா?

எனினும் ஒன்று மிஞ்சியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரி ஊருக்கு ஊர் இருந்தாலும், வரிசையில் நிற்க நேரமில்லாதவனும், அங்கே மருந்து தீர்ந்துவிட்டது என்று கேட்டவனும், பின்னேரத்தில் தனியார் டாக்டரிடம் போனவனும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றே: மருந்துக்கடை. அங்கே இலவசம் இல்லை. அங்கே விலையை நிருணயித்தது இலங்கையுமன்று. அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே.

பிபிலே 1920இல் ஊவா மாகாணத்திற் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியிற் படித்தார். வைத்தியக் கல்வி முடித்து எடின்பரோவில் மருந்தியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். பின்னாளிற் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாயும் இருந்தார். வசதியான குடும்பத்தவர், வைத்தியத் தொழில் செய்திருந்தால் நிறையச் சம்பாதித்திருப்பார். சமசமாஜக் கட்சிக்காரர் ஆகையால் அவருடைய கருத்துக்களைக் கட்சிக் கண்ணாடியால் நோக்குவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். நாம் அவருடைய கட்சியை விட்டு அவருடைய கணக்கை மட்டும் நோக்குவோம்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப்பெயர் உண்டு. அது அதிலுள்ள இரசாயனப் பொருளின் பெயர். அதனைச் செய்யும் கம்பெனி அதற்குத் தான் ஒரு வியாபாரப் பெயர் சூட்டும். மொட்டைக்கறுப்பன் அரிசியை ஐந்து கடைக்காரர் ஐந்து அழகிய பெயர் எழுதிய பைகளிற் போட்டு ஐந்து விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அரிசியைக் கண்டால் நமக்குத் தெரியும், முகர்ந்தாலும் தெரியும், ஏமாற மாட்டோம். குளிகையைக் கண்டால் என்ன தெரியும்? டாக்டர் எழுதிய பெயரைத்தான் கேட்போம். டாக்டருக்கு அப்பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. ஆக, தெரிவுசெய்கிறவன் பணங் கொடுப்பதில்லை. பணங் கொடுக்கிறவன் தெரிவுசெய்வதில்லை. உலகத்தில் வேறெந்தச் சந்தையிலும் இப்படியொரு வியாபாரம் நடவாது. 1970ஐ அடுத்த ஆண்டுகளில் இச்சிறிய தீவின் தனியார் மருந்துக்கடைகளுக்கு ஏறத்தாழ 2,100 மருந்துகள் இறக்குமதியாயின. அத்தனையும் வேறு வேறு மருந்துகளல்ல, பெயர்களே வேறு.

1970இல் ஆட்சிக்கு வந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் இதனை ஆராயும்படி இருவரைக் கேட்டது. ஒருவர் பிபிலே; மற்றவர் மலேரியாக் காலத்து டாக்டர் விக்கிரமசிங்க. 1971இல் அவர்கள் கொடுத்த அறிக்கையின் சாரம் எந்தக் குடும்பப் பெண்ணும் சொல்லக்கூடியது: வேண்டியதை மட்டும் வாங்கு, பொதுப்பெயராற் கேள், பல கடையில் விலை விசாரி, மொத்தமாய் வாங்கு, வாங்கியதைப் பரிசோதி. அவ்வாண்டே அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவரானார். 2,100 மருந்துகளின் பட்டியல் சுமார் 600 ஆகச் சுருங்கியது. உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி, குறைந்த விலைக்குத் தருவோரிடம் கூட்டுத்தாபனம் வாங்கிற்று.

எதிர்ப்பு எழாமலிருக்குமா? மலிவான மருந்து தரங் குறைந்தது என்ற பேச்சுப் பரவியது. வைத்தியர் சிலரும் தமக்கு வேண்டியதை எழுதும் சுதந்திரம் போயிற்றென்றனர். கம்பெனிகளோடு நேர்ந்த மோதலுக்கு ஒரு சம்பவம் சொல்வோம். 1974ஆம் ஆண்டளவில் நாட்டில் வாந்திபேதி பரவியது. அதற்கு வேண்டிய ரெட்றாசைக்கிளின் மருந்தின் மூலப்பொருளைக் கூட்டுத்தாபனம் வேறோர் இடத்தில் மலிவாக வாங்கி வைத்திருந்தது. அதனைக் கூட்டிலடைக்கும் இயந்திர வசதி இங்கே தொழிற்சாலை வைத்திருந்த ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி மறுத்துவிட்டது. ஆட்கள் வயிற்றாலை போய்ச் சாகும் வேளையில் மருந்தை ஆகாய விமானத்தில் அதிக செலவிற் கொண்டுவர வேண்டியதாயிற்று. அத்தொழிற்சாலையை அரசாங்கம் எடுக்கவேண்டும் என்ற பேச்சு வந்ததும் அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டார். பேச்சு அத்தோடு நின்றது. ஒரு குளிகைக்காக ஒரு வல்லரசின் தூதுவர் வந்து நிற்பாரானால் அக்குளிகையின் விலை எத்தகையது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

இங்கே தமிழ் வாசகர் எவரும் முகஞ் சுளிப்பது நியாயம். அதே அரசாங்கந்தான், அதே 1971ஆம் ஆண்டில், பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தியது. மருத்துவ பீடம் புகத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதும். டாக்டராக வேண்டிய எத்தனை பிள்ளைகள் ஆகாமற் போயினர்! மருந்தை மலிவாக்கிய கை வைத்தியராகும் வாசலை அடைத்தது. இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்படவேண்டியவை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது சரித்திரமாகாது. இறக்குமதித் தடையினால் வெங்காயமும் மிளகாயும் விலையேறி எமது தோட்டக்காரர் கல்வீடு கட்டியதும் அக்காலத்திலேதான் என்பதைப் பெரியோர் நினைவூட்டுவர். அதுவும் மெய்.

இன்னும் ஒரு விந்தை. 1971ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில், அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. விதித்த நிதியமைச்சர் யார்? 'பருப்பு மாத்தையா' என். எம். பெரேரா அவர்களே. 25 சதம் ஒரு பெரிய தொகையன்று. வீண்வருகையைக் குறைக்கும் என்று எண்ணியிருப்பார். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவோர் தொகை சட்டென்று குறைந்தது. வராமல் நின்றவர் யார்? காய்ச்சல் இல்லாதவரா, காசில்லாதவரா? வெறும் வயிற்றிற் கொயினா வேலை செய்யாது என்று நேரிற் கண்ட ஒருவரே, அமைச்சர் நாற்காலியில் இருந்து பார்த்தபோது, 25 சதம் ஒரு வேலியாகும் என்பதைக் காணவில்லை. அவரை இகழ்வதற்கு இதைச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து பார்த்தால் 25 சதம் மிகச் சிறியதாய்த்தான் தெரியும்.

1977 யூலையில் அரசாங்கம் மாறியது. புதிய அரசாங்கம் 25 சதத்தை நீக்கியது; அதே அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தின் பெயரால் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையையும் எடுத்துவிட்டது. வியாபாரப் பெயர்கள் மீண்டும் கப்பலேறி வந்தன. அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபையின் பணியிற் சென்றிருந்த பிபிலே தென்னமெரிக்காவிலுள்ள கயானாவிற் காலமானார், வயது 57. அடுத்த மாதம் ஜெனிவாவிற் கூடிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு, எந்நாட்டுக்கும் இன்றியமையாத மருந்துகள் இவை என்று முதன்முதலாக ஒரு பட்டியல் வகுத்தது. அதிலிருந்தவை இருநூற்றுச் சொச்சம் மருந்துகளே. 1982இல் வங்காளதேசமும் இவ்வழியிற் சென்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பயனற்ற மருந்துகளை விலக்கியது. இலங்கையில் தொடங்கிய காரியத்தை உலகம் எடுத்துக்கொண்டபோது இலங்கை கைவிட்டிருந்தது.

பின்னர் நடந்தவற்றை விரிக்க இடமில்லை. 1990ஐ அடுத்த ஆண்டுகளில் வடக்குக்கு மருந்துகள் வருவதே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பணமிருந்தவனும் இல்லாதவனும் ஒரே வாங்கில் இருந்து காத்திருந்த காலம் அது. அதை எழுத வேண்டியவர்கள் அதைக் கண்டவர்கள். நாம் பிறந்தது பின்னர். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபை அமைந்தது. பிபிலேயின் கொள்கையே சட்டமாயிற்று என்று மேடைகளிற் பேசினர். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது. ஆனால் நாடு தனக்கு வேண்டிய மருந்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வெளியிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. 2022இல் டொலர் தீர்ந்தது, மருந்தும் தீர்ந்தது, இருந்த மருந்தின் விலை ஏறியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில், மருந்தில்லாமையால், அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்திய ஆஸ்பத்திரிகளுள் ஒன்று பேராதனைப் போதனா வைத்தியசாலை. பிபிலே பீடாதிபதியாய் இருந்த பீடத்தின் மாணவர் தொழில் பழகும் இடம்.

எமது அம்மம்மாவின் பெட்டிக்குத் திரும்புவோம். இவற்றையெல்லாம் வாசித்தபின் ஒரு விடுமுறையில், அவருடைய பழைய துண்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், அங்கிருந்த இளம் டாக்டரிடம் மருந்தின் பொதுப்பெயரைக் கேட்டோம். அவர் முகங் கோணாமல் எழுதித் தந்தார்: லொசார்ட்டன். கடையில் அப்பெயரைச் சொன்னோம். "எந்தக் கொம்பனி?" என்றார் கடைக்காரர். "விலை குறைந்தது" என்றோம். அவர் எம்மை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கீழ்த்தட்டிற் குனிந்து எடுத்துத் தந்தார். முந்தி வாங்கியதற்குக் கொடுத்த காசில் இதில் மூன்று மாதத்துக்கு வாங்கலாம்.

வெற்றியோடு வீடு வந்தோம். அம்மம்மா குளிகையைக் கையில் வாங்கி, வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தார். நிறம் வேறு, விலையும் குறைவு. "இது வேலை செய்யுமோ?" என்றார். சரித்திரம் முழுவதையும் சொன்னோம். பிபிலே, கூட்டுத்தாபனம், பொதுப்பெயர், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். புதிய குளிகைகளையும் வெட்டி வைத்திருந்தார். பழையதிற் பாதி, புதியதிற் பாதி. இரண்டையும் சேர்த்து விழுங்குகிறாராம். விலை கூடினது கொஞ்சமென்றாலும் உள்ளே போகட்டும் என்றார்.